சூடு தெரியாத கை

சமோசா மாஸ்டரின் விரல்நுனிகளுக்குச் சூடு தெரியாது. முப்பத்திரண்டு வருஷம் கொதிக்கும் எண்ணெய்க்கு மேலேயே பிழைப்பு நடத்திய கை. தோல் தடித்து மரத்துப்போய் எத்தனையோ காலமாகிவிட்டது. ஜல்லிக்கரண்டிக்குத் தப்பி எண்ணெய் ஓரமாக மிதக்கும் சமோசாவை இரண்டு விரலால் சுண்டி எடுத்துத் தட்டில் போடுவார். தொழிற்சாலை கேன்டீனுக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். மாஸ்டருக்கு அதில் பெருமை இல்லையென்று யாராவது சொன்னால் அது பச்சைப் பொய். அந்தப் பெருமையைத்தான் பின்னால் அவர் நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

அந்தக் கைக்குச் சூடு தெரியாதே தவிர, கை என்னவோ எப்போதும் சுடும். வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் சுடும். மகளுக்குப் பதினோரு வயதிருக்கும்போது அவர் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு பிள்ளைக்குக் காய்ச்சலா இல்லையா என்று தொட்டுப் பார்க்க வீட்டில் ஆள் இல்லை. இவர் நெற்றியில் கை வைத்தால், "கைய எடுப்பா, சுடுது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இவருக்கோ ஒரு மண்ணும் தெரியாது. ராத்திரி பகல் பார்க்காமல் பக்கத்து வீட்டு அத்தையைக் கூப்பிட்டு, "கொஞ்சம் தொட்டுப் பாத்துச் சொல்லுங்க" என்று வாசலில் நிற்பார். பெற்ற பிள்ளையின் காய்ச்சலை அடுத்த வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்ட மனுஷன் அவர். அந்தக் குறை அவருக்குள் ஒரு ஓரத்தில் இருந்துகொண்டே இருந்தது.

அந்தக் குறைக்கு ஈடாகத்தானோ என்னவோ, முதல் ஈடு சமோசா எப்போதும் மகளுக்கு என்று வைத்திருந்தார். அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் அது தூக்குப்பாத்திரத்தில் வீட்டுக்குப் போனது. இப்போது அவள் அதே தொழிற்சாலையில் மாடியில், கடிதப் பிரிவில் வேலை பார்க்கிறாள். அதனால் தட்டில் வைத்து மாடிக்குப் போகிறது. டீ கொண்டுபோகிறவர் அதைத் தன் தூக்கோடு சேர்த்து எடுத்துப் போவார். முதலாளியே வந்து நின்றாலும் இரண்டாவது ஈடுதான் கிடைக்கும். இது அந்தக் கேன்டீனில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம்.

மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு முறை நாலாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. இரண்டாவது தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவள் ஒரு சொட்டு அழவில்லை. அதுதான் மாஸ்டரை அதிகம் பயமுறுத்தியது. இந்த முறை ஏழாம் மாதம் வந்தும் வீட்டில் யாரும் குழந்தையைப் பற்றி வாய்விட்டுப் பேசவில்லை. ஒரு சின்னச் சட்டைகூட வாங்கவில்லை. மருமகன் தொட்டிலுக்கு விலை விசாரித்துவிட்டு வந்ததை மாமனாரிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னான்.

கேன்டீனில் அடுப்பக்கா வந்து சேர்ந்தது இரண்டு வருஷத்துக்கு முன். மலைகளுக்கு அப்பால், துருக்கிய மொழி பேசுகிற ஒரு நாட்டில் பிறந்தவள். லாரி ஓட்டிப் போன ஒரு ஆளைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து இருபத்தைந்து வருஷமாகிவிட்டது. பேச்சில் இந்த ஊர்க்காரியேதான், கோபம் வந்தால் மட்டும் பிறந்த ஊர் பாஷை வரும். மண் அடுப்பில் ரொட்டி சுடுவதற்காகக் கேன்டீனை எடுத்து நடத்தும் கான்ட்ராக்டர் அவளைச் சேர்த்தார். ஆளுயர மண்பானையைப் புதைத்துவைத்தது போன்ற தந்தூரி அடுப்புக்குள் தோள்வரை கையை விட்டு, மாவை உள்சுவரில் அறைவாள். முழங்கைக்குக் கீழே ஒரு முடி கிடையாது, எல்லாம் பொசுங்கிப்போனது. வயதில் மாஸ்டரைவிட எட்டு வருஷம் சின்னவள். ஆனாலும் எல்லோருக்கும் அக்கா, மாஸ்டருக்கும் அக்கா.

வந்த முதல் நாளே அவள் அடுப்படியைச் சுற்றிப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன மாஸ்டர், எங்க ஊர் அடுப்படிய அப்படியே தூக்கிட்டு வந்து வச்சிருக்கீங்க?"

"எது உங்க ஊருது?"

"எல்லாந்தான். புலாவ் வச்சு மூடிக்கு மாவு ஒட்டறது எங்க ஊரு. கறியக் கத்தியால பொடியாக் கொத்திக் கீமா பண்றது எங்க ஊரு. கம்பியில குத்திச் சுடறது எங்க ஊரு. அல்வா, சர்பத்து, எத எடுத்தாலும் எங்க வீட்டுல பாத்ததுதான். இதோ இந்த முக்கோணம்கூட எங்க அம்மா செய்வாங்க. நாங்க சம்சான்னு சொல்லுவோம்."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷம் சோறு போட்ட சமோசாவை நேற்று வந்தவள் வந்து உரிமை கொண்டாடினால் யாருக்குத்தான் வலிக்காது? "அக்கா, சமோசா எங்க ஆளுங்க கண்டுபிடிச்சது. நீங்க பாத்துக் கத்துக்கிட்டது" என்றார். அன்று ஆரம்பித்த வழக்கு ஆறு மாதம் ஓடியது. தினமும் வெங்காயம் உரிக்கும் நேரத்தில் இரண்டு பேரும் வாதாடுவார்கள். வெங்காயத்துக்கு அழுகிறார்களா வாய்தாவுக்கு அழுகிறார்களா என்று மற்றவர்கள் கேலி பேசுவார்கள்.

கடைசியில் தீர்ப்புச் சொன்னது கான்ட்ராக்டர். அவர் கம்ப்யூட்டரில் தேடிப் படித்துவிட்டு வந்தார். "சண்டைய விடுங்க. இது ரெண்டு பேரோடதும் இல்ல. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே பாரசீகத்துப் பக்கம் இத எழுதி வச்சிருக்காங்களாம். வியாபாரிங்களும் படைக்காரங்களும் சமையல்காரங்களும் கொண்டுபோய் உங்க ரெண்டு பக்கமும் விட்டுட்டாங்க. ஒரு பக்கம் எண்ணெய்ச் சட்டியில விழுந்துது, ஒரு பக்கம் அடுப்புச் சுவத்துல ஒட்டிக்கிச்சு. உருளைக்கிழங்கெல்லாம் நேத்து வந்த சரக்கு."

வழக்கில் இரண்டு பேருமே தோற்றுப்போனதால் இரண்டு பேருக்கும் சிநேகமாகிவிட்டது. பங்காளிகள் என்று தெரிந்த பிறகு எதற்குச் சண்டை? அடுப்பக்கா மடிக்கும் விதத்தை மாஸ்டர் முதல்முறையாகக் கவனித்துப் பார்த்தார். மாவுத் துண்டைக் கூம்பாகச் சுருட்டி, பூரணம் வைத்து, வாயை மூடி, கட்டைவிரலால் மூன்று அழுத்து. அவரும் அதே மூன்று அழுத்துதான். மடித்த தட்டை இடது பக்கமாக நகர்த்தி, மேலே ஈரத்துணி போடுவது இருவருக்கும் ஒரே வழக்கம். யாரும் யாருக்கும் சொல்லித்தந்ததில்லை. மாஸ்டருக்கு அதைப் பார்க்க முதலில் சிரிப்பு வந்தது, பிறகு ஏனோ முதுகில் சிலீர் என்றது. தன் கையைத் தனக்கு எதிரே இன்னொரு உடம்பில் பார்ப்பது அவ்வளவு நல்ல காட்சி இல்லை.

ஒரு வித்தியாசம் மட்டும் இருந்தது, பெரிய வித்தியாசம். மாஸ்டர் பூரணத்தை முதலில் நன்றாக வேகவைத்து, ஆறவைத்து, அப்புறம்தான் மடிப்பார். எண்ணெயில் மாவு சிவந்தால் போதும், மூன்று நாலு நிமிஷத்தில் வேலை முடிந்தது. அடுப்பக்கா பச்சைக் கறியையும் பச்சை வெங்காயத்தையும் கொழுப்பையும் அப்படியே வைத்து மடிப்பாள். அடுப்புச் சூட்டில் அரைமணி நேரம் நின்று, கறி தன் சாற்றிலேயே வேகும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அவள் மாவு அடுக்கடுக்காகக் கொஞ்சம் மெத்தென்று இருக்கும், இவர் மாவு விறைப்பாக இருக்கும். அதைத் தொட்டால்தான் தெரியும். தொட்டுச் சொல்ல அந்த அடுப்படியில் இருந்தது இந்த நாலு கைகள்தான்.

தொழிற்சாலை மேனேஜர் ஓய்வுபெறும் நாள் வந்தது. சாயங்காலம் மூன்று மணிக்கு எல்லோருக்கும் விருந்து. கான்ட்ராக்டருக்கு ஒரு யோசனை தோன்றியது: ஒரே கீமா, ஒரே முக்கோணம், பாதி எண்ணெயில், பாதி அடுப்பில். வாசலில் 'ஒரு வயிற்றுப் பிள்ளைகள்' என்று பலகை எழுதி வைக்க ஏற்பாடு. வழக்கமாக உருளைக்கிழங்கு வைக்கும் மாஸ்டர் அன்று வேகவைத்த கீமா வைக்க ஒப்புக்கொண்டார். அடுப்பக்காவும் தன் சம்சாவை அவர் சமோசாவின் அளவுக்கே மடிக்கச் சம்மதித்தாள். இரண்டு பேருக்கும் தலைகால் புரியாத சந்தோஷம். கெட்ட நேரம் கதவைத் தட்டிவிட்டா வருகிறது?

காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. நீளமான மடிப்பு மேஜையில் எதிரும் புதிருமாக நின்றார்கள். அவர் இடது பக்கம் மேஜையின் இந்தக் கோடி, அவள் இடது பக்கம் அந்தக் கோடி. தட்டுகள் ஒன்றையொன்று பார்க்கவே வழியில்லை. பதினோரு மணிக்குக் கான்ட்ராக்டர் செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அக்கா, நீங்க இந்தப் பக்கம் வந்து மாஸ்டர் பக்கத்துல நில்லுங்க. ஜன்னல் வெளிச்சம் இங்கதான் நல்லா இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து மடிக்கிற மாதிரி ஒரு படம்."

படம் எடுத்தார். நாலு படம் எடுத்தார். கான்ட்ராக்டர் போன பிறகும் அடுப்பக்கா மாஸ்டர் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். பேச்சு சுவாரசியம், வெளிச்சமும் நன்றாக இருந்தது. தன் பூரணப் பாத்திரத்தையும் இழுத்துக்கொண்டாள். பேசிக்கொண்டே மடித்தார்கள், மடித்த தட்டை இடது பக்கம் தள்ளினார்கள், ஈரத்துணி போட்டார்கள். இரண்டு பேரின் இடது பக்கமும் இப்போது ஒரே இடது பக்கம். ஒரே மாதிரித் தட்டு, ஒரே துணி, ஒரே மடிப்பு. ஒருவர் மட்டும் வேறு மாதிரிப் பழகியிருந்தால் அன்றைக்கு ஒன்றும் நடந்திருக்காது.

இரண்டரை மணிக்கு மாஸ்டர் சட்டியைக் காயவைத்தார். மேலே இருந்த தட்டை இழுத்து, ஆறு எடுத்துப் போட்டார். விரல் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் கனமாக இருக்கிறதே என்று ஒரு கணம் தோன்றியது. கீமா அல்லவா, கிழங்கைவிடக் கனக்கும் என்று தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டார். எண்ணெய் வழக்கத்துக்கு மாறாகச் சடசடவென்று தெறித்தது. உள்ளே ஈரம் இருந்தால்தான் எண்ணெய் அப்படிப் பேசும். முப்பத்திரண்டு வருஷம் அந்தப் பாஷையைக் கேட்டவருக்கு அது தெரியாமல் இல்லை. வெங்காயம் தண்ணீர் விட்டிருக்கும் என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்.

செக்கச் சிவக்க வந்தது முதல் ஈடு. மூன்றை எடுத்துத் தட்டில் வைத்து டீக்காரரிடம் நீட்டினார்.

"மாடிக்கு. ஆறறதுக்குள்ள சாப்பிடச் சொல்லுங்க."

"தெரியும் மாஸ்டர், பேரனுக்குத்தானே" என்று டீக்காரர் சிரித்துக்கொண்டே போனார். அந்த வார்த்தையை யாரும் சொல்லக் கூடாது என்று மாஸ்டர் நினைத்திருந்தார். டீக்காரர் சொல்லிவிட்டார். ஆனால் மாஸ்டருக்கு உள்ளூர இனிக்கவும் செய்தது. இரண்டாவது ஈடுக்கு அவசரப்படாமல் எண்ணெயில் தூளை அரித்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. மாவும் மசாலாவும் தணலில் விழுந்து கருகும் வாசனை. அடுப்பக்காவின் அடுப்பில் எதுவும் ஒருநாளும் சுவரை விட்டு விழுந்ததில்லை. மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். அவள் அடுப்புக்குள் குனிந்திருந்தாள். நிமிர்ந்தபோது கையில் ஒரு முக்கோணம் உடைந்து கிடந்தது. உள்ளே பூரணம் உதிரி உதிரியாக, எப்போதோ வெந்து, காய்ந்துபோய் இருந்தது.

"மாஸ்டர்" என்றாள். அதை நீட்டினாள். "இது உங்களுது."

ஒரு நொடி அவருக்கு எதுவும் புரியவில்லை. அப்புறம் தட்டுகள் மாறிப்போனது புரிந்தது. சட்டி ஓரத்தில் இருந்த மூன்றில் ஒன்றை எடுத்துப் பிட்டார். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே இளஞ்சிவப்பு. பச்சைக் கறி விரலில் ஒட்டியது. அது சூடா குளிரா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

ஐம்பத்தெட்டு வயது உடம்பு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடியது. ஓடும்போது அவர் வேண்டிக்கொண்டதெல்லாம் ஒன்றுதான்: இன்று ஒருநாள் அவளுக்குப் பசிக்காமல் இருக்கட்டும். கடிதப் பிரிவில் மகள் மேஜையில் தட்டு இருந்தது. தட்டில் ஒரே ஒரு சமோசாதான் இருந்தது. அவள் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா இப்படி மூச்சிரைக்குது? உக்காரு."

"சாப்பிட்டியா?"

"ரெண்டு சாப்பிட்டேன். ஏன்?"

"உள்ள எப்படிம்மா இருந்துது?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஒரு மாதிரிதான் இருந்துது. வேகாத மாதிரி. நீ அனுப்பினதாச்சே, சரியாத்தான் இருக்கும்னு சாப்பிட்டுட்டேன்."

மாஸ்டர் மிச்சமிருந்ததைத் தட்டோடு எடுத்துக்கொண்டார். வேறு யார் கொடுத்திருந்தாலும் அவள் துப்பியிருப்பாள். அப்பா கொடுத்தது என்பதால் விழுங்கியிருக்கிறாள். கீழே மடித்துவைத்திருந்த தட்டுகள் எல்லாம் குப்பைக்குப் போயின. எண்ணெய்ப் பண்டமே இல்லாமல் விருந்து நடந்தது. வேறு ஒருத்தரும் அந்தச் சமோசாவை வாயில் வைக்கவில்லை. முதல் ஈடு மகளுக்கு என்ற அந்தச் சட்டம் தொழிற்சாலை முழுவதையும் காப்பாற்றிவிட்டு அவளை மட்டும் விட்டுவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நிதானமாகப் பேசினார். "பயப்படாதீங்க. பச்சைக் கறி சாப்பிட்ட எல்லாருக்கும் ஆபத்து வர்றதில்ல. ஆனா சில கிருமி உடனே காட்டாது. ரெண்டு வாரமும் ஆகலாம், ரெண்டு மாசமும் ஆகலாம். தாய்க்குச் சாதாரணக் காய்ச்சல் மாதிரிதான் தெரியும், குழந்தைக்குத்தான் கஷ்டம். தினமும் காய்ச்சல் பாருங்க. லேசா இருந்தாக்கூட ஒரு நிமிஷம் வீட்டுல வச்சுக்காம கூட்டிட்டு வந்துடுங்க."

அன்றிலிருந்து மாஸ்டர் வேலைக்குப் போகவில்லை. மகள் வீட்டு முன்னறையில் ஒரு பாயைப் போட்டுக்கொண்டார். தினமும் காலை ஏழு மணிக்கு மருமகன் குளித்துவிட்டு வந்து, காய்ச்சல் பார்க்கும் கருவியை அவள் நாக்குக்கு அடியில் வைப்பான். அது கீச்சென்று சத்தம் போடும்வரை வீட்டில் யாரும் மூச்சுவிட மாட்டார்கள். "இல்ல மாமா" என்பான். அப்புறம்தான் மாஸ்டருக்கு அன்றைய காபி தொண்டையில் இறங்கும்.

ஐந்தாம் நாள் அடுப்பக்கா வந்தாள். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"நான் என் பக்கமே நின்னிருக்கணும் மாஸ்டர். தட்ட எடுத்தப்போ எனக்கும் தெரியலையே. என் கையும் செத்த கைதானே."

"ஒங்க மேல என்ன தப்புக்கா. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது விரல்ல உயிர் இருந்திருந்தா போதும்" என்றார் மாஸ்டர். கோபம் இல்லை அவருக்கு. கோபப்படவாவது ஒரு ஆள் வேண்டுமே, யாரும் அகப்படவில்லை. அவள் ஒரு பையில் ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போனாள். தன் கையால் சமைத்த எதையும் கொண்டுவர அவளுக்குத் துணிவில்லை.

பத்து நாள் போனது. பதினைந்து நாள் போனது. மகள் சிரித்துப் பேச ஆரம்பித்தாள். வயிற்றுக்குள் உதைப்பதை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள். "உனக்கு வேற வேல இல்லையாப்பா? போய் சட்டியக் காயவை" என்று விரட்டினாள். பதினெட்டாம் நாள் மருமகன் தொட்டிலை வாங்கிக்கொண்டே வந்துவிட்டான். பிரிக்காத அட்டைப்பெட்டியாக அது முன்னறையில் சுவரோரம் நின்றது. மாஸ்டர் அதன் பக்கம் காலை நீட்டாமல் ஒருக்களித்துப் படுத்தார்.

பத்தொன்பதாம் நாள் காலை ஆறரை மணி. எப்போதும் அந்த நேரத்துக்கு எழுந்து உலாத்துகிறவள் எழுந்திருக்கவில்லை. மருமகன் குளியலறையில் இருந்தான், தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மாஸ்டர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அசதியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டார். சொன்ன மறுகணமே, எண்ணெய் தெறித்தபோதும் இப்படித்தான் ஒரு பதில் சொல்லிக்கொண்டோம் என்பது ஞாபகம் வந்தது. உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

கையை நெற்றியில் வைத்தார். ஒன்றும் தெரியவில்லை. புறங்கையைத் திருப்பி வைத்தார். அப்போதும் தெரியவில்லை. ஒரு தகப்பனுக்குத் தெரிய வேண்டியது இந்த ஒன்றுதான், அதுவும் தெரியாத கையை வெட்டிப் போட்டால் என்ன என்றிருந்தது. இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள், 'கைய எடுப்பா, சுடுது' என்று சொல்வாள் என்று காத்திருந்தார். சின்ன வயதிலிருந்து அதைத்தான் சொல்லியிருக்கிறாள்.

அவள் முகத்தைத் திருப்பவில்லை. கண்ணைத் திறக்காமலே இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்து நெற்றியோடு அழுத்திக்கொண்டாள்.

"எடுக்காதப்பா" என்றாள். "ஒன் கை எவ்ளோ குளுமையா இருக்கு."

மாஸ்டர் கையை எடுக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே மருமகனைக் கூப்பிட்டார். தலையில் சோப்பு நுரையோடு ஓடிவந்தவன் மாமனாரின் முகத்தைப் பார்த்தான். காய்ச்சல் பார்க்கும் கருவியைத் தேடாமல் வண்டிச் சாவியைத் தேடப் போனான்.